லண்டனிலிருந்து திரும்பும் தங்கம்

1991 ஜூலையில் ரிசர்வ் வங்கியின் தங்கம் சுமார் 47 டன், மும்பையிலிருந்து நான்கு நடையாக லண்டனுக்கு விமானம் ஏறியது. அன்னியச் செலாவணி மூன்று வார இறக்குமதிக்குக்கூடத் தாங்காது என்ற நெருக்கடி. பேங்க் ஆஃப் இங்கிலாந்திடமும் பேங்க் ஆஃப் ஜப்பானிடமும் அந்தத் தங்கத்தை அடகு வைத்து, ஏறத்தாழ 40 கோடி டாலர் வாங்கினோம். விமான நிலையம் போகும் வழியில் வண்டி ஒன்று பழுதாகி நின்றுவிட, காவலர்கள் பதறிப்போனார்கள். செய்தி பத்திரிகையில் வந்ததும் நாடே கொந்தளித்தது. ரிசர்வ் வங்கியின் அன்றைய ஆளுநர், நாகர்கோவிலில் பிறந்த எஸ். வெங்கிடரமணன் மீது வசை விழுந்தது. அது நியாயமில்லை. அந்தத் தங்கம்தான், வாங்கிய கடனைக் கட்ட முடியாத நாடு என்ற அவப்பெயரிலிருந்து இந்தியாவைக் காப்பாற்றியது.

கடனைச் சில மாதங்களில் அடைத்துவிட்டோம். தங்கம் லண்டனிலேயே தங்கிவிட்டது. 2009இல் சர்வதேச நாணய நிதியத்திடம் (ஐ.எம்.எஃப்.) 200 டன் வாங்கியபோதும், வெளிநாட்டில் வைப்பது யாருக்கும் உறுத்தவில்லை.

உறுத்தத் தொடங்கியது 2022இல். உக்ரைன் போரையொட்டி ரஷ்ய மத்திய வங்கியின் சுமார் 30,000 கோடி டாலரை மேற்கு நாடுகள் முடக்கின. அடுத்தவர் கையில் இருக்கும் சேமிப்பு, அவர் நினைத்தால் நமதல்ல என்று எல்லா மத்திய வங்கிகளுக்கும் புரிந்தது. 2022, 2023, 2024 மூன்று ஆண்டுகளிலும் அவை ஆண்டுக்கு 1,000 டன்னுக்கு மேல் தங்கம் வாங்கின. உலக நாடுகளின் செலாவணிக் கையிருப்பில் 1999இல் 71 சதவீதமாக இருந்த டாலரின் பங்கு, 2024 இறுதியில் 58 சதவீதத்தை ஒட்டி நின்றது. விட்ட இடத்தை யூரோ பிடிக்கவில்லை. யுவானும் 2 சதவீத அளவில்தான் இருக்கிறது. ஆஸ்திரேலிய, கனடிய டாலர் போன்ற சிறிய நாணயங்களுக்கே அதில் கணிசமான பங்கு போனது.

இந்தியாவும் சும்மா இருக்கவில்லை; வெளிநாட்டில் இருந்த தங்கத்தைத் திரும்பக் கொண்டுவரத் தொடங்கியது. 2023 மார்ச்சில் உள்நாட்டுப் பெட்டகங்களில் 301 டன். 2025 மார்ச்சில் 512 டன். அப்போது மொத்த இருப்பு சுமார் 880 டன்.

தங்கம் வட்டி தராது. அமெரிக்கக் கடன்பத்திரம் தரும். அந்த இழப்பு உண்மையானது, ஆனாலும் தாங்கக்கூடியது. அதற்காக முழுவதையும் இங்கே கொண்டுவந்து குவிப்பதும் சரியல்ல. 1991இல் அத்தனை பாடுபட்டு விமானத்தில் ஏற்றியதே, கடன் கொடுப்பவர்கள் தங்கத்தைத் தங்கள் பொறுப்பில் கேட்டதால்தான். அவசரத்துக்குப் பணமாக்க லண்டனில் ஒரு பகுதி இருக்கட்டும். பெரும்பகுதி நம் பூட்டுக்குள் இருப்பதே முறை. ரிசர்வ் வங்கி சரியாகவே செய்கிறது.