பதினொரு பேரை யார் எழுதுவது?

கெடா காற்பந்துக் குழுவின் பெயர்ப்பட்டியலைப் பற்றி ஒரு ரசிகனின் வாதம்

கெடா ரசிகனுக்கு ஆட்டம் நடுவரின் விசிலோடு தொடங்குவதில்லை. அதற்கு ஒரு மணி நேரம் முன்னதாக, முதல் பதினொருவர் பட்டியல் கைப்பேசிக்கு வந்ததுமே தொடங்கிவிடும். சுங்கைப்பட்டாணி மாமாக் கடைகளில், பீடோங் ஒட்டுக்கடைகளில், குரூண் டோல் சாவடிக்குப் போகும் கார்களில் அந்தப் பட்டியல் கிழிபடும். தே தாரே ஆறுவதற்குள் பயிற்றுநர் இரண்டு முறை வேலை இழந்திருப்பார்.

“நடுவுல ஆளே இல்லையே அண்ணே, யாரு பந்து கொடுக்கறது?”

“கோச்சுக்குத் தெரியாதாடா தம்பி? அவன் பாத்துக்குவான்.”

“அவனுக்குத் தெரிஞ்சா போன மேட்ச்ல ஏன் அந்த அடி வாங்குனோம்?”

இந்தச் சண்டையை வெட்டிப் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. ஒரு மாநிலக் குழுவை இருபது, முப்பது ஆண்டுகள் விடாமல் பார்த்தவனிடம் எந்தப் பயிற்றுநரிடமும் இல்லாத ஒன்று இருக்கிறது: நீண்ட நினைவு. பயிற்றுநர்கள் வருவார்கள், போவார்கள். ரசிகன் அதே இருக்கையில் இருப்பான். ஆனால் அந்த ரசிகர்களில் ஒருவனாகவே சொல்கிறேன், நாம் பெரும்பாலும் தவறான பட்டியலைப் பற்றித்தான் சண்டை போடுகிறோம். ஆட்ட நாளன்று வருவது கடைசிப் பட்டியல். அதற்குமுன் பருவத் தொடக்கத்தில் ஒரு பட்டியல் எழுதப்படுகிறது. அதற்கும் பல ஆண்டுகள் முன்னால் இன்னொன்று. கெடாவின் வெற்றி தோல்விகள் பெரும்பாலும் அந்த இரண்டில்தான் முடிவாகியிருக்கின்றன.

ஆட்ட நாள் பட்டியல்

கடைசிப் பட்டியலைப் பற்றி எனக்கு இருப்பது ஒரே கொள்கை: நடுத்தண்டில் கை வைக்காதே. கோல் காவலர், இரண்டு நடுத் தற்காப்பாளர்கள், ஒரு மத்தியத் திடல் ஆட்டக்காரர், ஒரு முன்வரிசை ஆட்டக்காரர். இந்த ஐந்து பேரும் வாரா வாரம் அவர்களாகவே இருக்க வேண்டும். மற்ற ஆறு இடங்களில் பயிற்றுநர் தன் வித்தையைக் காட்டட்டும்.

கெடாவின் வரலாறே இதற்குச் சாட்சி. 1987, 1988, 1989 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் கோலாலம்பூரிடம் தோற்றோம். நான்காம் ஆண்டு, 1990இல், சிலாங்கூரை 3-1 என்று வென்று முதல் முறையாகக் கிண்ணத்தை அலோர்ஸ்டாருக்குக் கொண்டுவந்தோம். ஒரு குழு நான்கு ஆண்டுகள் அடுத்தடுத்து இறுதிக்கு வருகிறதென்றால் அதற்கு அதிர்ஷ்டம் காரணமாக இருக்க முடியாது. 1993இல் லீக்கும் நமது. மலேசியக் கிண்ண இறுதியில் சிங்கப்பூரை 2-0 என்று வீழ்த்தியதும் நாம்தான்.

பிறகு வந்தது அஸ்ராய் கோர் அப்துல்லாவின் காலம். 2006-07 பருவத்தில் சூப்பர் லீக், எஃப்.ஏ. கிண்ணம், மலேசியக் கிண்ணம் மூன்றும் கெடாவுக்கு. அதற்கு முந்தைய பருவத்தில்தான் பிரிமியர் லீக்கிலிருந்து மேலே வந்திருந்தோம். 2007-08இல் மறுபடியும் அதே மூன்று. முன்வரிசையில் செயின்ட் வின்சென்ட் தீவுக்காரர் மார்லன் அலெக்ஸ் ஜேம்ஸ், பின்னால் அதே தீவின் கொர்னேலியஸ் ஹகின்ஸ், நடுவில் சிலி நாட்டு நெல்சன் சான் மார்ட்டின். இவர்களைச் சுற்றி உள்ளூர்ப் பையன்கள். அந்தக் காலத்துப் பட்டியலைப் பார்க்காமலே பாதிப் பெயரைச் சொல்லிவிடலாம். இன்று பட்டியல் வந்ததும் நாம் அதிர்ச்சி அடைகிறோம் என்றால், கோளாறு பட்டியலில் மட்டும் இல்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 1990இல் இரண்டே இரண்டு மாற்று ஆட்டக்காரர்களைத்தான் இறக்க முடிந்தது. 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் தற்காலிகமாக வந்த ஐந்து மாற்று விதி 2022இல் நிரந்தரமாகிவிட்டது. கோல் காவலரை விட்டுவிட்டால் களத்தில் இருக்கும் பத்துப் பேரில் பாதியை மாற்றலாம். அதனால் ‘இவனை ஏன் உட்கார வைத்தான்’ என்ற பழைய கேள்விக்கு இப்போது பாதி மதிப்புத்தான். வடக்கின் புழுக்கத்தில், மழை பெய்து கனத்த திடலில், எழுபதாவது நிமிடத்தில் யாரை இறக்குவாய் என்று கேட்பதே சரியான கேள்வி. அதற்குப் பதில் வேண்டுமானால் பதினாறு நல்ல ஆட்டக்காரர்கள் வேண்டும். இங்கேதான் அடுத்த பட்டியல் வருகிறது.

பதிவுப் பட்டியல்

பருவம் தொடங்குமுன் யாரை வாங்குவது, யாரை வைத்துக்கொள்வது, யாரை விடுவது? இதைப் பயிற்றுநர் தனியாக முடிவு செய்வதில்லை. பணம் கொடுப்பவர், அரசியல்வாதி, முகவர் எல்லாருடைய கையும் இதில் இருக்கும்.

2016ஐ எடுத்துக்கொள்வோம். அந்தப் பருவத்துக்கு நியூசிலாந்தின் ஷேன் ஸ்மெல்ட்ஸைக் கொண்டுவந்தார்கள். 2010 உலகக் கிண்ணத்தில் இத்தாலிக்கு எதிராகக் கோல் அடித்தவர். பெயர் பெரிது, எதிர்பார்ப்பும் பெரிது. அவர் பருவம் முடியுமுன்பே போய்விட்டார். அந்த ஆண்டு அக்டோபரில் ஷா ஆலமில் சிலாங்கூரைப் பினால்டியில் வென்று மலேசியக் கிண்ணத்தைத் தூக்கியது வேறு கூட்டம். பிரேசிலின் சாண்ட்ரோ, கொசோவோவின் லிரிடோன் கிராஸ்னிக்கி, அவர்களோடு பட்ரோல் பக்தியார், சியாஸ்வான் சைனோன், ஃபர்ஹான் ரொஸ்லான் போன்ற நம் ஊர்க்காரர்கள். 2015 இறுதியில் இதே சிலாங்கூரிடம் 0-2 என்று தோற்றிருந்தோம். பயிற்றுநர் டான் செங் ஹோ அதற்காகக் குழுவைக் கலைக்கவில்லை.

டான் செங் ஹோ அலோர்ஸ்டார்க்காரர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கெடாவுக்கு ஆடியவர். பின்பு தேசியக் குழுவில் கே. ராஜகோபாலுக்குத் துணைப் பயிற்றுநராக இருந்தவர். அந்தப் பள்ளியில் கற்ற பாடம் சாதாரணமானதல்ல. ராஜகோபால் 2009 சீ விளையாட்டுப் போட்டியில் 23 வயதுக்குட்பட்ட பையன்களை வைத்து வியட்நாமை 1-0 என்று வென்று தங்கம் வாங்கினார். மறு ஆண்டு ஆசியான் சுசுகி கிண்ணத்துக்கு அந்தக் கூட்டத்திலிருந்தே பலரைத் தேசியக் குழுவுக்கு ஏற்றினார். புக்கிட் ஜாலிலில் இந்தோனேசியாவை 3-0, ஜகார்த்தாவில் 1-2, மொத்தத்தில் 4-2. மலேசியா அந்தக் கிண்ணத்தை வென்றது அதுவே முதல் முறை. இளைஞர்களை நம்பியது அவர் எடுத்த தேர்வு முடிவு. கோப்பைக்குப் பிறகு எல்லாரும் அதைப் பாராட்டினார்கள். அதற்கு முன்னால் அந்தப் பொறுப்பைத் தனியாகச் சுமந்தவர் அவர்.

இறக்குமதி ஆட்டக்காரர் வேண்டவே வேண்டாம் என்று சொல்பவன் அல்ல நான். மார்லன் ஜேம்ஸைக் கண்ணால் பார்த்தவன் அப்படிச் சொல்லமாட்டான். ஆனால் அவர்கள் போய்விட்டால் மிச்சம் என்ன இருக்கும் என்று ஒரு கணக்கு வேண்டும். 2009இலிருந்து 2011 வரை உள்நாட்டு லீக்கில் வெளிநாட்டவருக்குத் தடை. இரட்டை முக்கிண்ணம் வென்ற குழு மெதுவாகத் தேய்ந்தது. தடை நீங்கிய 2012இல் தரமிறங்கி, மூன்று பருவம் பிரிமியர் லீக்கில் கிடந்தோம். இப்போது காற்று எதிர்த் திசையில் அடிக்கிறது. 2025-26 பருவத்தில் ஒரு குழு 15 வெளிநாட்டவரைப் பதிவு செய்யலாம். ஜொகூர் போன்ற பணக்காரக் குழுவுக்கு அது தீனி. 2014 முதல் சூப்பர் லீக்கை விட்டுக்கொடுக்காத குழு அது. நம் முன்வரிசை சியாஃபிக் அகமட்கூட 2018இல் அங்கேதான் போனார். அதைப் பார்த்துச் சூடு போட்டுக்கொள்ளும் குழுக்களுக்கு இது குழி.

பால்மரம் சீவியவர்களின் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. கத்தியை ஆழமாக இறக்கினால் இன்றைக்குப் பால் கூடும், பட்டை போய்விடும், அடுத்த ஆண்டு மரம் வறண்டு நிற்கும். கெடா நிர்வாகம் செய்தது இதுதான். 2021இல் மாநிலச் சங்கத்தின் குழு, கெடா டாருல் அமான் எஃப்.சி. என்ற கிளப்பாக மாறியது. 2020, 2021 இரண்டிலும் சிங்கப்பூர்க்காரர் ஐடில் ஷாரின் பயிற்சியில் சூப்பர் லீக்கில் இரண்டாம் இடம். களத்தில் குறை இல்லை. பின்னால் சம்பளப் பாக்கி ஏறிக்கொண்டே போனது. மாதக் கணக்கில் சம்பளம் வராத செய்திகள், அதற்காகப் புள்ளிகள் கழிப்பு, கடைசியில் 2025-26 சூப்பர் லீக் உரிமமே மறுக்கப்பட்டது. ஐந்து மலேசியக் கிண்ணம் வென்ற மாநிலத்தின் கிளப் உயர்மட்ட லீக்கில் இல்லை. சம்பளப் புத்தகத்தைப் பார்க்காமல் எழுதிய பெயர்ப்பட்டியல் எத்தனை அழகாக இருந்தாலும் செல்லாத காசோலைதான்.

பதின்மூன்று வயதுப் பட்டியல்

மூன்றாவது பட்டியல் எந்தக் கைப்பேசிக்கும் வராது. மாவட்டப் பள்ளிக் குழுவுக்கு எந்தப் பையனைக் கூப்பிடுவது என்று ஒரு ஆசிரியர் காகிதத்தில் எழுதுவது அது. நம்மவர்களுக்கு அதிகம் வலிக்க வேண்டியதும் இதுதான்.

பட்டியல் வந்ததும் தமிழ் ரசிகனின் கண் முதலில் எதைத் தேடும் என்று நமக்குத் தெரியும். பெயருக்கு முன்னால் ஒரு முன்னெழுத்து, ஒரு புள்ளி. எம். சந்திரன், ஆர். ஆறுமுகம், எஸ். குணாளன். 1972 மூனிக் ஒலிம்பிக்கில் அமெரிக்காவை 3-0 என்று வென்ற மலேசியக் குழுவின் தலைவர் சந்திரன். ‘ஸ்பைடர்மேன்’ என்று நாடே கொண்டாடிய கோல் காவலர் ஆறுமுகம். 1988இல் சாலை விபத்தில் போனார். நெகிரி செம்பிலானில் வளர்ந்து ஜொகூரின் வலது புறத்தை ஆண்டுக்கணக்கில் காத்தவர் குணாளன். கெடாவின் பச்சை-மஞ்சளில் அந்தப் புள்ளியைத் தேடித் தேடிக் கண் பூத்துப்போனதுதான் மிச்சம்.

திறமை வற்றிவிட்டது என்று நான் நம்பவில்லை. வழி அடைபட்டுவிட்டது. ஹார்வார்ட், ஸ்கார்புரோ, படேனோக், டப்ளின் என்று கெடாவின் தெற்கிலும் நடுவிலும் இருந்த தோட்டங்களில் திடல் என்பது லயத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. காலையில் பால் எடுத்து, மத்தியானம் படுத்து எழுந்து, சாயங்காலம் பந்து. தோட்டத்துக்குத் தோட்டம் ஆட்டம் நடக்கும். கிராணியும் கோல் காவலராக நிற்பார். அங்கே நன்றாக ஆடும் பையனை அடுத்த தோட்டத்துக்கும் தெரியும், பட்டணத்துக்கும் தெரியும். கித்தா போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டானபோது குடும்பங்கள் சுங்கைப்பட்டாணி, பாடாங் செராய், கூலிம் தாமான்களுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்தன. அப்பா அம்மா இருவரும் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவில் ஷிப்ட். மாவட்டப் பயிற்சி மாலை நான்கு மணிக்கு, பள்ளித் திடலில். பையனை யார் கொண்டுபோய் விடுவது? பஸ் இல்லை, கிரேப் காருக்குக் காசில்லை. அவன் பெயர் பட்டியலில் வராமல் போனதற்கு வேறு சதி ஒன்றும் தேவையில்லை. பக்கத்துத் தாமானின் ஃபுட்சால் கூடத்தில், மணிக்கணக்கில் வாடகை கொடுத்து, இரவு பதினொன்றுக்கு அவன் இன்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறான்.

முயற்சிகள் நடக்காமலும் இல்லை. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் மிஃபா குழு 2017இல் பிரிமியர் லீக்குக்கு வந்தது. பிறகு பெட்டாலிங் ஜெயா சிட்டி என்று பெயர் மாறி 2019இல் சூப்பர் லீக்கில் நுழைந்தது. பின்னாளில் பி. மணியம் பயிற்சியில் ஒரு வெளிநாட்டவர்கூட இல்லாமல் அந்த லீக்கில் தாக்குப்பிடித்தது. 2022 பருவத்தோடு விலகிக்கொண்டது. தமிழ்ப் பையன்களுக்கு உயர்மட்ட லீக்கில் திறந்த பெரிய கதவு அது. அது மூடியபோது நாம் எத்தனை பேர் குரல் கொடுத்தோம்?

நாடு வேறு வழியில் ஓடியது. 2025 செப்டம்பரில், மலேசியாவுக்கு ஆடிய வெளிநாட்டில் பிறந்த ஏழு பேருடைய தாத்தா பாட்டி பிறப்பு ஆவணங்கள் போலியானவை என்று சொல்லி, ஃபிபா அவர்களுக்குப் பன்னிரண்டு மாதத் தடையும் மலேசியக் காற்பந்துச் சங்கத்துக்கு 350,000 சுவிஸ் பிராங்க் அபராதமும் விதித்தது. இங்கேயே பிறந்து, தாத்தா பாட்டியும் இதே மண்ணில் பால்மரம் சீவிச் செத்து, சரியான பிறப்புப் பத்திரம் இல்லாததால் நீல அடையாள அட்டைக்கு வருடக்கணக்கில் அலையும் தோட்டத்துக் குடும்பங்களை அறிந்தவர்களுக்கு அந்தச் செய்தி வெறும் விளையாட்டுச் செய்தியாக இருந்திருக்காது.

ரசிகன் கேட்க வேண்டியது

கெடா மறுபடி மேலே வரும். தரமிறங்கிய பிறகு எழுந்து வந்த மாநிலம்தான் இது. அப்போது யார் நிர்வாகத்தில் இருந்தாலும் ரசிகர் கூட்டம் மூன்று கேள்விகளோடு நிற்க வேண்டும். பதிவு செய்யும் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் பருவம் முடியும்வரை சம்பளம் கையில் இருக்கிறதா? நடுத்தண்டின் ஐந்து இடங்களில் குறைந்தது மூன்றுக்கு மாநிலத்துப் பையன்கள் தயாராக இருக்கிறார்களா? தோட்டத்துப் பள்ளிகளுக்கும் தாமான் திடல்களுக்கும் போய்ப் பார்க்க ஓர் ஆளும், அங்கிருந்து பையன்களை ஏற்றிவர ஒரு வேனும் உண்டா?

மூன்றாவதைக் கேட்கும்போது சிலர் சிரிக்கலாம். கிளப்பின் கடன் கணக்கோடு வைத்துப் பார்த்தால் ஒரு வேனும் ஓர் ஓட்டுநரும் பெரிய செலவே இல்லை. நிர்வாகம் தராவிட்டால் நம் கோயில் குழுக்களும் பழைய மாணவர் சங்கங்களும் அதைத் தரலாம். திருவிழாச் செலவில் ஒரு பங்கு போதும். இடது பக்கம் யாரைப் போடுவது என்று மாமாக் கடையில் அடித்துக்கொள்ள அப்புறம் எத்தனையோ சனிக்கிழமைகள் இருக்கின்றன.