பாயிண்ட் கணக்கில் வராத படிப்பு

தமிழ்நாட்டில் வீட்டு வயரிங் வேலைக்குக் கூலி பேசுவது பெரும்பாலும் பாயிண்ட் கணக்கில்தான். லைட்டுக்கு ஒரு பாயிண்ட், ஃபேனுக்கு ஒரு பாயிண்ட், ஏசிக்குத் தனி ரேட். வேலை முடிந்ததற்கு அத்தாட்சியும் எளிது. சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரிய வேண்டும், ஃபேன் சுற்ற வேண்டும். பல கைத்தொழில்களுக்கு இப்படிப்பட்ட அத்தாட்சி போதும். கொத்தனார் எழுப்பிய சுவர் சாய்ந்திருந்தால் தூக்குக்குண்டு காட்டிவிடும். தச்சர் மாட்டிய கதவு பிடித்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். மின்சாரத்தில் நிலைமை வேறு. எர்த் கம்பியே இழுக்காத வீட்டிலும் விளக்கு அதே வெளிச்சத்தில்தான் எரியும். வேலை ஓடுவதும் வேலை பத்திரமாக இருப்பதும் இங்கே இரண்டு தனித்தனி விஷயங்கள். முதலாவதைக் கண்ணால் பார்க்கலாம், இரண்டாவதைக் கணக்குப் போட்டும் அளந்தும்தான் அறிய முடியும். அதனால்தான் பக்கத்தில் நின்று பார்த்துப் பழகினால் மட்டும் இந்தத் தொழில் முழுதாகக் கைக்கு வராது என்கிறேன். விடுபடுகிற பாதியைச் சொல்லிக் கொடுக்கப் பொருத்தமான இடம் ஒன்று நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது: சமுதாயக் கல்லூரி.

ஒரு கணக்கைப் பார்ப்போம். குளியலறை ஹீட்டரின் உள்ளே ஃபேஸ் கம்பி உரசி, அதன் உலோக உடம்பில் மின்சாரம் ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் எர்த் இருக்கிறது. குழி தோண்டி, குழாய் இறக்கி, கரியும் உப்பும் போட்டுச் செய்ததுதான். ஆனால் கோடையில் மண் காய்ந்து அதன் மின்தடை 20 ஓமுக்கு ஏறியிருக்கிறது. தெருமுனை டிரான்ஸ்பார்மரின் எர்த் 3 ஓம் இருக்கலாம். கசிகிற மின்சாரம் நம் வீட்டு எர்த் வழியாக மண்ணுக்குள் போய், அங்கிருந்து டிரான்ஸ்பார்மருக்குத் திரும்ப வேண்டும். 230 வோல்ட்டை 23 ஓமால் வகுத்தால் 10 ஆம்பியர். ஹீட்டருக்குப் போட்டிருப்பது, மின்சாரம் அளவு மீறினால் தானே விழுந்து இணைப்பைத் துண்டிக்கிற எம்சிபி, 16 ஆம்பியர். 10 ஆம்பியர் அதற்கு வழக்கமான சுமை. எத்தனை மணி நேரமானாலும் விழாது. அந்த நேரம் முழுக்க ஹீட்டரின் உடம்பில் இருப்பது 10 ஆம்பியர் பெருக்கல் 20 ஓம், அதாவது 200 வோல்ட். ஈரக்கையோடு தொடுகிறவரின் உடல் மின்தடையை 1,000 ஓம் என்று வைத்தால், அவர் வழியாக 200 மில்லிஆம்பியர் வரை பாயும். உயிரைக் குடிக்க அது தாராளம். எம்சிபி உடனே விழ வேண்டுமென்றால் சாதாரண ‘சி’ வகைக்கு 160 ஆம்பியர் வரை தேவைப்படலாம். அதற்கு மொத்தப் பாதையின் தடை ஒன்றரை ஓமுக்கும் கீழே இருக்க வேண்டும். ஒரு வீட்டுக் குழியை நம்பி அந்த அளவை எதிர்பார்க்க முடியாது. ஆக, ‘எர்த்தும் இருக்கு, எம்சிபியும் இருக்கு, பயமில்லை’ என்று நாம் நிம்மதியாக இருக்கும் வீட்டில்கூட ஆள் சாகலாம். 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே விழுகிற ஆர்சிசிபி எதற்காக என்பதை ஒரு வகுத்தலும் ஒரு பெருக்கலும் சொல்லிவிடுகின்றன. பத்து வருஷம் சுவர் வெட்டி பைப் பதித்த அனுபவம் தானாக இதைச் சொல்லித் தராது. அந்தப் பத்து வருஷமும் விளக்குகள் எரிந்துகொண்டுதான் இருந்திருக்கும்.

அனுபவம் இங்கே சில சமயம் தப்பான பாடத்தையும் கற்றுத் தருகிறது. ஆர்சிசிபி அதற்கு நல்ல உதாரணம். ஃபேஸில் போகிற மின்சாரமும் நியூட்ரலில் திரும்புகிற மின்சாரமும் சமமா என்று மட்டும்தான் அது பார்க்கிறது. பழைய வீட்டில் கம்பி மிச்சம் பிடிக்க, ஓர் அறையின் நியூட்ரலைப் பக்கத்து அறையோடு சேர்த்து முறுக்கியிருப்பார்கள். எங்கோ ஒரு பிளக்கில் நியூட்ரலையும் எர்த்தையும் ஒன்றாக இணைத்திருப்பார்கள். அப்படிப்பட்ட வீட்டில் ஆர்சிசிபி மாட்டினால் அடிக்கடி விழும். ‘இது சும்மா சும்மா விழுதுங்க, தூக்கிடலாம்’ என்று ஹெல்பருக்கு மேஸ்திரி சொல்லிக் கொடுப்பார். தூக்கியதும் எல்லாம் சரியாக ஓடும்; வீட்டுக்காரருக்கும் தொந்தரவு தீர்ந்த திருப்தி. உண்மையைச் சொன்ன கருவி குற்றவாளியாகிறது. பிளக்கில் நியூட்ரலையே எர்த் முனைக்கும் இழுத்து விடுகிற குறுக்கு வழியும் இதே ரகம்: வெளியே கம்பத்தில் நியூட்ரல் அறுந்து விழுகிற நாள்வரை ஒரு குறையும் தெரியாது, அன்றைக்கு ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாவற்றின் உடம்பிலும் ஃபேஸ் ஏறி நிற்கும். சட்டைப்பையில் செருகிய டெஸ்டரால் இதில் எதையும் முன்கூட்டிக் கண்டுபிடிக்க முடியாது. இன்சுலேஷனைச் சோதிக்கிற மெக்கரும், எர்த்தின் தடையை அளக்கிற எர்த் டெஸ்டரும் வேண்டும். வீட்டு வேலைக்குப் போகிற எத்தனை பேர் பையில் அவை இருக்கின்றன?

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, இந்தியாவில் சமீப ஆண்டுகளில் மின்சாரம் தாக்கி ஆண்டுக்கு 10,000 பேருக்கு மேல் சாகிறார்கள். இந்த எண்ணை அப்படியே வயர்மேன்கள் தலையில் கட்டுவது நியாயமாகாது. அறுந்து விழுந்த லைனும், பன்றிக்குப் போட்ட மின்வேலியும் இதில் அடக்கம். ஆனால் நம் உரிம முறை எதை நம்பி நிற்கிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வுக்கு விண்ணப்பிக்க 21 வயதும் வயரிங்கில் 5 ஆண்டு செய்முறை அனுபவமும் கேட்கிறார்கள். ஐடிஐ வாசலை மிதிக்காதவருக்கும் உரிமம் கிடைக்க வழி செய்கிற நல்ல ஏற்பாடு இது. அதை மூடிவிடச் சொல்லவில்லை. கேள்வி அந்த ஐந்து ஆண்டுகளைப் பற்றியது. தப்பாகச் செய்கிறவரிடம் ஐந்து ஆண்டு நின்றவருக்குத் தப்பில் ஐந்து ஆண்டு அனுபவம்.

சமுதாயக் கல்லூரி என்கிற யோசனை அமெரிக்காவிலிருந்து வந்தது. இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட்டில் 1901-ல் தொடங்கிய கல்லூரியை அதன் மூத்த பிள்ளையாகச் சொல்வார்கள். இந்தியாவில் அது முதலில் வேர்விட்டது நம் பக்கத்தில்தான்: 1995-ல் புதுச்சேரி, 1996-ல் சென்னை. பள்ளியைப் பாதியில் விட்டவர்களுக்கு வாழ்க்கைத் திறனும் தொழில் திறனும் நேரடிக் களப்பயிற்சியும் சேர்த்து, குறைந்த செலவில் உள்ளூரிலேயே கொடுப்பது நோக்கம். பிறகு 2013 வாக்கில் பல்கலைக்கழக மானியக் குழு இதைக் கையிலெடுத்து, ஏற்கெனவே இருக்கிற கல்லூரிகளுக்குள் சமுதாயக் கல்லூரிகளைத் திறக்க நிதி கொடுத்தது. அதிகம் வெளிச்சம் படாத திட்டம். தவிர, கல்லூரி நிர்வாகம் ஒன்று புதிதாக ஒரு படிப்பைத் தொடங்க நினைத்தால், கம்ப்யூட்டர் அறை போடுவது எலெக்ட்ரிகல் லேப் போடுவதைவிட எப்போதும் சுலபம்.

ஐடிஐ இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். ஐடிஐயில் எலெக்ட்ரீஷியன் பிரிவுக்குப் பத்தாம் வகுப்பும், வயர்மேன் பிரிவுக்கு எட்டாம் வகுப்பும் போதும். இரண்டும் இரண்டு ஆண்டுப் படிப்பு. பாடத்திட்டத்தில் ஓம் விதியும் உண்டு, எர்த்திங்கும் உண்டு. பதினாறு வயதுப் பையனுக்கு அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் நான் பேசுவது முப்பது வயது ஹெல்பரைப் பற்றி. அன்றாடக் கூலியில் குடும்பம் நடத்துகிறவர் இரண்டு ஆண்டு பகலில் போய் பெஞ்சில் உட்கார முடியாது. உட்கார்ந்தாலும், டூ-வே சுவிட்ச் மாட்டுவது எப்படி என்று அவருக்குப் பாடம் எடுப்பது வேடிக்கையாக இருக்கும். தெரிந்ததைத் தெரிந்ததாகக் கணக்கில் எடுத்து, விடுபட்டதை மட்டும் மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் சொல்லிக் கொடுக்க நெகிழ்வான அமைப்பு வேண்டும். சமுதாயக் கல்லூரியின் அடிப்படை எண்ணமே அந்த நெகிழ்வுதான்.

இன்னொரு பக்கத்திலிருந்து வருகிற எதிர்ப்பு கொஞ்சம் காரமானது. ‘சர்டிபிகேட் வைத்திருக்கிறவனுக்குக் கட்டிங் பிளேயர் பிடிக்கத் தெரியலை, படிக்காத நம்ம ஆள் போர்டைப் பார்த்ததுமே கோளாறைச் சொல்லிடுவான்’ என்பார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. மூட்டு இறுக்குவதும், பைப்புக்குள் ஸ்பிரிங் விட்டுக் கம்பி இழுப்பதும், நெரிசலான டிபி பாக்ஸில் கம்பி அடுக்குவதும் சைட்டில்தான் படியும். வகுப்பறை அதோடு போட்டிக்கு நிற்கக் கூடாது. சைட்டால் காட்ட முடியாதவை ஒரு கைப்பிடிதான்: சுற்றின் தடையைக் கணக்கிடுவது, கம்பியின் சதுர எம்எம்முக்கும் எம்சிபியின் அளவுக்கும் உள்ள உறவு, எர்த் அளப்பது, இன்சுலேஷன் சோதிப்பது, ஆர்சிசிபி ஏன் விழுந்தது என்று தேடிப் பிடிப்பது. லேபில் இதையெல்லாம் வேண்டுமென்றே கெடுத்து வைத்து, பத்திரமான மின்னழுத்தத்தில் கண்டுபிடிக்கச் சொல்லலாம். வாடிக்கையாளர் வீட்டில் அப்படி ஒரு பரிசோதனை செய்து பார்க்க முடியாது. கணக்கு வராதே என்கிற கவலை பெரிதல்ல. ஒன்றரை எம்எம் எங்கே, நாலு எம்எம் எங்கே என்று தினமும் மனக்கணக்குப் போடுகிறவர்கள்தான். பெரிய தடை மொழி. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் வயரிங் விதிமுறை ஐஎஸ் 732-ம், எர்த்திங் விதிமுறை ஐஎஸ் 3043-ம் ஆங்கிலத்தில் இருக்கின்றன. எட்டாம் வகுப்போடு நின்றவர் கையில் அவை எப்படிப் போய்ச் சேரும்?

நியாயமான எதிர்க்கேள்வி ஒன்றுதான் மிச்சம் நிற்கிறது: படித்து என்ன லாபம்? எர்த் அளந்து பார்ப்பது ஒரு பாயிண்ட் ஆகாது. அதற்கு யாரும் காசு தருவதில்லை. மின் இணைப்புக்கு உரிமம் பெற்ற காண்டிராக்டரின் சோதனை அறிக்கை வேண்டும் என்பது சட்டம். கையெழுத்து ஒருவருடையது, வேலை இன்னொருவருடையது என்று அது நடைமுறையில் காகிதமாகிப் போவதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. இந்த நிலையில் படித்தவரும் படிக்காதவரும் ஒரே ரேட்டுக்குத்தான் போட்டியிடுவார்கள். படிப்பைத் தனியாக நிற்க விட்டால் அது தோற்கும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கலிபோர்னியா இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறது. பதிவுபெற்ற அப்ரண்டிஸ் பயிற்சியில் இல்லாத ஒருவர் அங்கே உரிமம் பெற்ற மின் காண்டிராக்டரிடம் டிரெய்னியாக வேலை பார்க்க, அரசு ஏற்ற பள்ளி ஒன்றில் சேர்ந்து படித்துக்கொண்டிருக்க வேண்டும். அந்தப் பள்ளிகளில் சமுதாயக் கல்லூரிகளும் உண்டு. பொது எலெக்ட்ரீஷியன் சான்றுக்கு 8,000 மணி நேர வேலையும் தேர்வும் தனி. வேலையும் வகுப்பும் ஒரே நேரத்தில் நடக்கின்றன; சம்பளமும் நிற்பதில்லை. அப்படியே இங்கே கொண்டுவந்தால், வாரம் முழுக்க வேலை கிடைக்குமா என்று தெரியாத ஹெல்பர் தொழிலை விட்டே துரத்தப்படுவார். நம் ஐந்து ஆண்டு அனுபவ நிபந்தனையில் நூறு மணி நேர மாலை வகுப்பைச் சேர்த்தால் போதும் என்பது என் எண்ணம். வகுப்பு இலவசமாக இருக்க வேண்டும். தாலுகாவுக்கு ஒன்றாவது இருக்க வேண்டும்.

அவசரத்துக்குக் காரணம் மொட்டை மாடியில் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் அறிவித்த பிரதமரின் சூரிய வீடு திட்டம் ஒரு கோடி வீடுகளில் சோலார் தகடுகளை எதிர்பார்க்கிறது. 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம். தகட்டிலிருந்து இறங்குவது டிசி, அதாவது நேர்மின்சாரம். நாம் பழகிய ஏசி, அதாவது மாறுமின்சாரம், நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடுவதால், சுவிட்சைப் பிரிக்கும்போது எழும் பொறி தானே அணைகிறது. டிசிக்கு அந்தப் பூஜ்யம் இல்லை. பொறி நீண்டு எரியும். ஏசிக்கான எம்சிபியை அங்கே மாட்டினால் அன்றைக்கு எல்லாம் நன்றாகவே ஓடும், யூனிட் ஏறும், மீட்டர் சுற்றும். மெயினை இறக்கினாலும் வெயில் இருக்கும்வரை தகட்டுக் கம்பியில் உயிர் இருக்கும் என்பதும், இத்தனை நாள் மெயினை இறக்கிவிட்டுத் தைரியமாகக் கை வைத்துப் பழகியவருக்குப் புதுச் செய்தி. இந்த மாடிகளில் கோளாறு வந்தால் வீட்டுக்காரர் முதலில் போன் போடுவது தகடு விற்ற கம்பெனிக்கு இல்லை, தெருவில் இருக்கிற அதே வயர்மேனுக்குத்தான்.