இருமடிக் கணக்கு

தாம்பரத்தில் தரைத்தொட்டி நீரை மாடித்தொட்டிக்கு ஏற்றும் மோட்டார் இல்லாத வீடு அரிது. மாலையில் மின்னழுத்தம் தாழ்ந்தால் மோட்டார் முனகும். நீரோ பாதிக் குழாயில் நின்றுவிடும். உள்ளே சக்கரம் சுழன்றுகொண்டுதான் இருக்கிறது. ஆனால் அது தரும் அழுத்தம் சுழல்வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. வேகம் சற்றுக் குறைந்தாலே ஏற்றும் உயரம் பெரிதும் சரிந்துவிடும்.

மகிழுந்துப் பொறிக்குள் காற்றைத் திணிக்கும் மையவிலக்கு மிகையூட்டியும் இதே குலம். பணிமனையில் சூப்பர்சார்ஜர் என்பார்கள். நீருக்குப் பதில் காற்று. மின்சாரத்துக்குப் பதில் பொறித்தண்டிலிருந்து ஓடும் பெல்ட். உள்ளங்கையில் அடங்கும் 8 செ.மீ. சக்கரம் நிமிடத்துக்கு 50,000 முறை சுழன்றால், அதன் விளிம்பு நொடிக்கு 200 மீட்டருக்கு மேல் பாயும். விளிம்பில் வீசப்பட்ட காற்று சுருள்கூட்டில் வேகம் தணிந்து அழுத்தமாக மாறுகிறது.

பொறி 6,000 சுற்றில் ஓடும்போது அரை வளிமண்டலம் கூடுதலாகத் தரும் மிகையூட்டி, 2,000 சுற்றில் அதில் ஒன்பதில் ஒரு பங்கே தரும். காலை ஒன்பது மணிக்குப் பெருங்களத்தூரிலிருந்து குரோம்பேட்டை வரை ஜி.எஸ்.டி. சாலையில் எந்தப் பொறி 6,000 சுற்றைக் காண்கிறது? அங்கே சுமந்து செல்லும் எடைதான் மிச்சம். கொல்லன் துருத்திபோல ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் அளவு காற்றைத் தள்ளும் ரூட்ஸ் வகையே ஊர்ந்து செல்லும் வண்டிக்குப் பொருத்தம் என்பேன்.

மையவிலக்கு வகைக்கு உரிய இடம் வானம். இந்திய வான்படையில் நெடுங்காலம் பயிற்சிக்குப் பயன்பட்ட ஹார்வார்டு வானூர்தியின் 600 குதிரைத்திறன் வாஸ்ப் பொறிக்குள் இத்தகைய சக்கரமே சுழன்றது. சுழல்விசிறியை இழுக்கும் பொறி நெடுநேரம் ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஓடும். நின்று கிளம்பும் சிக்னல் அதற்கு இல்லை. இருமடிக் கணக்கு அங்கே இடர் செய்வதில்லை.

இனி வெப்பம். மே மாதத்து 40 பாகைக் காற்றை ஒன்றரை மடங்கு அழுத்தினால், சக்கரத்தின் திறன் 70 விழுக்காடாக இருந்தாலும், காற்று ஏறத்தாழ 95 பாகையில் வெளிவரும். சூடேறிய காற்று விரிந்து, திணித்த பயனில் ஒரு பகுதியைத் தின்றுவிடும். பெட்ரோலும் முறை தவறி வெடிக்கத் தலைப்படும். 'நாக்கிங்' என்று மெக்கானிக்குகள் காதாலேயே அறியும் தட்டல் அது. ஆகவே இடைக்குளிர்ப்பி வேண்டும். அதற்கோ வண்டியின் ஓட்டத்தில் முகத்தில் மோதும் காற்று வேண்டும். நெரிசலில் அதுவும் கிடையாது. ஏசியின் கண்டென்சர் வேறு அதே இடத்தில் கொதித்துக்கொண்டிருக்கும்.

பொருத்துவதில் நுட்பம் கப்பிகளில் இருக்கிறது. எல்லாக் கப்பிகளும் ஒரே தளத்தில் நிற்க வேண்டும். 1.5 லிட்டர் பொறிக்கான மிகையூட்டி முழுவேகத்தில் ஏழு குதிரைத்திறன் அளவுக்குத் தானே உறிஞ்சும். அத்தனையையும் கடத்தும் பெல்ட், தாங்கி மயிரளவு வளைந்தாலும் கத்தும், பிறகு வழுக்கும். கூடுதல் காற்றுக்கு ஈடாக எரிபொருள் பீச்சியைப் பெரிதாக்கி, கட்டுப்பாட்டு நிரலையும் திருத்த வேண்டும்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. தயாரிப்பாளர் குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவில் தடுக்கிறது. 2019இல் உச்சநீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. ஆசை விடாதவருக்கு, 1990இல் திறந்த இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம் இருக்கிறது. அந்த 3.7 கி.மீ. வளையத்தில் ஓட்டுநர் பொறியை உயர்சுற்றிலேயே வைத்திருப்பார். இடைக்குளிர்ப்பிக்கும் காற்றுப் பஞ்சமில்லை.