ஆடு தாண்டும் காவிரி, புகையும் பாறை... ஓசூர் பக்கம் ஒரு காட்டுப் பயணம்!

ஓசூரின் தொழிற்சாலைகளைத் தாண்டி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியாகத் தெற்கே இறங்கினால் காடு தொடங்கிவிடும். அந்தக் காட்டுக்குள்தான் பாறைகளைக் குடைந்துகொண்டு காவிரி வருகிறது.

கர்நாடகப் பகுதியில் இருக்கிறது மேகேதாட்டு. கன்னடத்தில் 'மேகே' என்றால் ஆடு, 'தாட்டு' என்றால் தாண்டுவது. அகன்று வரும் ஆறு, ஆடு தாண்டிவிடுமோ எனும் அளவுக்கு அங்கே ஒடுங்குகிறது.

அடுத்து, தமிழக எல்லையில் பிலிகுண்டுலு. மத்திய நீர்வள ஆணையம் காவிரி நீரை அளப்பது இங்கேதான். ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி தண்ணீர் தர வேண்டும் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இந்த இடத்தை வைத்துத்தான். தஞ்சை விவசாயிகளின் கண் எப்போதும் இந்தக் கணக்கின் மீதுதான்!

பிறகு ஒகேனக்கல். 'ஹொகே' புகை, 'கல்லு' பாறை. அருவித் திவலை புகையாக எழுவதால் இந்தப் பெயர். பூமியின் ஆழத்தில் உருகிய குழம்பு மேலேறி உறைந்த கார்பனடைட் என்ற அபூர்வப் பாறை இந்தப் பகுதியில் உண்டு. வயது, சுமார் 240 கோடி ஆண்டுகள்! இருபுறமும் செங்குத்தாக நிற்கும் பாறைச் சுவர்களுக்கு நடுவே பரிசலில் போகும்போது பேச்சே வராது.

போகிறவர்கள் கவனத்துக்கு... கபினியிலும் கிருஷ்ணராஜ சாகரிலும் தண்ணீர் திறந்தால், இங்கே மழையே இல்லாவிட்டாலும் வெள்ளம் வரும். பரிசலுக்குத் தடை என்றால் கெஞ்சாமல் திரும்பிவிடுங்கள். லைஃப் ஜாக்கெட் கட்டாயம். வழுக்குப் பாறையில் செல்ஃபி வேண்டாம். 2014-ல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் இந்தப் பக்கம்தான். யானைகள் சாலையைக் கடக்கும். இருட்டுவதற்குள் காட்டைத் தாண்டிவிடுங்கள்.

பாறை அங்கேயேதான் இருக்கும். நாம் பத்திரமாக இருந்தால் இன்னொரு முறை பார்த்துக்கொள்ளலாம்!