ஆடுகளமும் காண்போரும்

புறநானூற்றின் 85-ஆம் பாட்டு ஒரு மற்போரைப் பற்றியது. பாடியவர் பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார். பாடப்பட்டவன் போர்வைக்கோப் பெருநற்கிள்ளி. அவன் பொருத இடம் அவன் ஊருமன்று, அவன் நாடுமன்று. ஆதலின் காண வந்தோர் இரு கட்சியாய்ப் பிரிந்தனர். வென்றவன் அவனே என்று ஒரு சாராரும், அல்லன் என்று மற்றொரு சாராரும் கூறினர். நக்கண்ணையாரோ அவன்பாற் காதல் கொண்டவர். சிலம்பொலிக்க ஓடிப் பனைமரத்தைச் சார்ந்து நின்று அவன் வெற்றியைத் தம் கண்ணாற் கண்டவர். அத்தகையவரே மாறுபட்டு உரைத்தவர்களையும் நல்லோர் என்று சுட்டுகின்றார். வெளியூரிலிருந்து வந்த ஆட்டக்காரன், இரண்டுபட்ட கூட்டம், தீராத வழக்கு ஆகிய மூன்றும் அங்கே உள்ளன. கல்லெறியும் வசைமொழியும் மட்டும் இல்லை. (பாட்டு முடிந்த பின் என்ன நிகழ்ந்ததென்று உரையாசிரியர்கள் சொல்லவில்லை!)

இம்மூன்றையும் இன்று காண விரும்புவோர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை பெசன்ட் நகர்க் கடற்கரைக்குச் சென்றாற் போதும். 1930-ஆம் ஆண்டில் பிறரைக் கடலினின்று காக்கப் புகுந்து தம்முயிர் நீத்த டென்மார்க்கு நாட்டவர் ஷ்மிட் என்பாரின் நினைவு மண்டபம் நிற்கும் மணற்பரப்பு அது. அங்கே ஊரூர் ஆல்காட் குப்பத்துப் பிள்ளைகளும், ஓடைக்குப்பத்துப் பிள்ளைகளும், அடுக்குமாடி வீட்டுப் பிள்ளைகளும், அடையாறு, திருவான்மியூர்ப் பக்கத்தாரும் பந்தாடுகின்றனர். கட்சிக்கு ஐவர் அல்லது எழுவர். இரண்டு கழிகளை நட்டால் கோல். காலாற் கீறிய கோடே எல்லை. நடுவர் ஊதலோடு வருவார். பலகால் அவரும் ஒரு மாணவரே. ஆடுவோர் பதினால்வர் எனின் காண்போர் நூற்றுவர்.

ஆடுவோரைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை. அவர்கள் நன்றாகவே ஆடுகின்றனர். காண்போரைப் பற்றியே இக்கட்டுரை. அவருள்ளும் பதின்மூன்று முதல் இருபது வயது வரையுள்ளாரைப் பற்றியே, அதாவது என்னையொத்தாரைப் பற்றியே, எழுதுகின்றேன்.

அவர்கள் செய்வன யாவை? கோட்டின்மேல் நிற்கின்றனர், பின் கோட்டுக்குள் நிற்கின்றனர். எதிர்க்கட்சிக் கோல்காவலனின் முதுகுப்புறம் குந்தியிருந்து ஆட்டம் முழுவதும் அவன் செவியில் இழிசொற்களை ஓதுகின்றனர். பந்து வெளியே வந்தால் அதனை மறைத்து வைக்கின்றனர். தண்ணீர்ப் பொட்டலம் பறக்கும். சில பொழுது மணலும் பறக்கும். ‘குப்பம்’ என்னும் சொல்லை ஒரு சாரார் வசையாக எறிய, ‘பங்களாப் பையன்’ என்று மறு சாரார் திருப்பி எறிவர். ஆட்டம் முடிந்ததும் தோற்ற கட்சியின் தோழர் நடுவரைச் சூழ்ந்துகொள்வர். இவற்றையெல்லாம் கைப்பேசியிற் படம் பிடிக்க நால்வர் இருப்பர். படம் பிடிக்கப்படுவதாலேயே செய்யப்படும் செயல்களும் உண்டென்பது என் துணிபு.

இவை சிறு குறும்புகள் தாமே என்று பெரியோர் நகைக்கலாம். குறும்பின் விலையைக் கொடுப்பவர் யார் என்று பார்த்தல் வேண்டும். முதலாவது கோல்காவலன், பெரும்பாலும் கட்சியில் இளையவனையே அங்கு நிறுத்துகின்றனர். தன் தாயைப் பற்றி அரைமணி நேரம் வசை கேட்ட பதினைந்து வயதுப் பிள்ளை அடுத்த வாரம் வருவதில்லை. இரண்டாமவர் நடுவர், கூலியின்றி ஊதல் பிடித்த கல்லூரி மாணவர் ஒருமுறை சூழப்பட்டால் மறுமுறை ஊதலைத் தொடார். நடுவர் இல்லாத ஆட்டம் வழக்கிலும், வழக்கு அடிதடியிலும் முடியும். மூன்றாவது, பெண்மக்கள். மாதர் கட்சியொன்று மணலில் இறங்கினால், கரையில் எழும் கூச்சலைக் கேட்ட பெற்றோர் மறுநாள் அனுப்புவரோ? மணல் யாவர்க்கும் பொதுவென்பது பெயரளவிலேயே நின்றுவிடுகின்றது.

இளைஞர் ஏன் இவ்வாறு நடக்கின்றனர்? பிரெஞ்சு அறிஞர் குஸ்தாவ் லெ போன் 1895-ல் வெளியிட்ட நூலில், கூட்டத்திற் கலந்தவன் தன் தனியறிவை இழந்து, படியிறங்கிய மனிதனாகிவிடுகின்றான் என்றார். நூறாண்டுக்கு மேலாகக் காவல் துறையினர்க்கும் பத்திரிகை எழுதுவோர்க்கும் இக்கொள்கை மிக உவப்பாயிற்று; தடியடிக்கு இது நல்ல நியாயமன்றோ! ஆனால் பின்வந்த உளநூலார் இதனை ஒப்பவில்லை. 1980-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் நிகழ்ந்த கலகத்தை ஆய்ந்த ஸ்டீபன் ரைக்கர், கலகம் செய்தோர் கண்மூடித்தனமாய்ச் செய்யவில்லை, எதனைத் தாக்கலாம் எதனைத் தாக்கலாகாது என்று தமக்குள் வரம்பு வைத்திருந்தனர் என்று காட்டினார். கூட்டத்தில் மனிதன் தன்னை இழப்பதில்லை. ‘நான்’ என்று நினைத்தவன் ‘நாங்கள்’ என்று நினைக்கத் தொடங்குகின்றான். அந்த ‘நாங்கள்’ எத்தகையது என்பதே வினா.

இக்கொள்கையைப் பந்தாட்டக் களத்திற் பயன்படுத்தியவர் ரைக்கரோடு ஆய்ந்த கிளிஃபர்ட் ஸ்டாட். 2004-ல் போர்ச்சுகலில் ஐரோப்பியக் கால்பந்துப் போட்டி நடந்தபோது, பெருநகரங்களில் காவலர் தலைக்கவசமும் கேடயமும் இன்றி இருவர் இருவராய்க் கூட்டத்தில் உலவினர், பேசினர், நகைத்தனர், வரம்பு மீறியவனை மட்டும் விரைந்து பிரித்தெடுத்தனர். கலகத்திற்குப் பேர்போன இங்கிலாந்து ஆதரவாளர்களும் அந்நகரங்களில் அடங்கியே இருந்தனர். வேறொரு காவற்படையின் ஆளுகையில் இருந்த அல்புபேரா என்னும் கடற்கரை ஊரிலோ கலகம் மூண்டது.

நம் சென்னையே இதற்குச் சான்று தரும். 1999 சனவரியில் சேப்பாக்கத்தில் இந்தியாவும் பாகிஸ்தானும் டெஸ்ட் ஆட்டம் ஆடின. இந்தியா வெல்ல 271 ஓட்டம் தேவை. டெண்டுல்கர் 136 எடுத்தும், பன்னிரண்டு ஓட்டத்தில் ஆட்டம் கைநழுவிற்று. தோல்வியின் வாயிலில் நின்ற அக்கூட்டம் எழுந்து கை தட்டிற்று. பாகிஸ்தான் ஆட்டக்காரர் களத்தைச் சுற்றி ஓடி அவ்வாழ்த்தை ஏற்றனர். 1997 மே மாதத்தில் அதே களத்தில் சயீத் அன்வர் 194 எடுத்தபோதும் பாராட்டுக் கிடைத்தது. ‘ஆட்டம் அறிந்த கூட்டம்’ என்னும் பெயர் சேப்பாக்கத்திற்கு உண்டு. அப்பெயரைக் காப்பது அங்கு அமர்வோரின் ‘நாங்கள்’ ஆகிவிட்டது. அதே சேப்பாக்கத்தில் 2018 ஏப்ரல் 10 அன்று ஆடிக்கொண்டிருந்த ஜடேஜாவின் பக்கம் காலணி வீசப்பட்டது. சென்னை அணியின் எஞ்சிய உள்ளூர் ஆட்டங்கள் புனே நகருக்குப் போயின. அது காவிரிக் கிளர்ச்சியின் விளைவு. பார்வையாளர் சினத்தோடு அதனைக் குழப்புதல் முறையன்று. எனினும் ஆட்டத்தை இழந்தது ஊர்தான்.

கூட்டம் கெட்டால் எதுவரை செல்லும் என்பதற்குக் கல்கத்தா சான்று. 1980 ஆகஸ்டு 16 அன்று ஈடன் தோட்டத்தில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் பந்தாடுகையில் மேடைகளில் மூண்ட கைகலப்பிலும் நெரிசலிலும் 16 பேர் மாண்டனர். பந்தாட்டம் காணச் சென்று வீடு திரும்பாதவர் அவர்.

இனி, எல்லாப் பழியையும் இளைஞர் தலையிற் சுமத்துவதும் தவறு. 1989 ஏப்ரல் 15 அன்று இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ களத்தில் நெரிசலில் மாண்டோர் 97 பேர். குடித்து வந்த ஆதரவாளரே காரணம் என்று உடனே கூறப்பட்டது. இருபத்தேழு ஆண்டு கழித்து, 2016-ல், மரண விசாரணையின் நடுவர்குழு அப்பழியை நீக்கியது. காவல் துறையின் பிழைகளே அந்நெரிசலை விளைத்தன என்பதும் வெளியாயிற்று. ஆகவே கடற்கரையிற் குழப்பம் நிகழ்ந்தால், எல்லைக் கயிறு இருந்ததா, நிற்க இடம் இருந்ததா, விளக்கு இருந்ததா என்று முதலிற் கேட்டல் வேண்டும். பிறகே பையனைக் கேட்கலாம்.

அயர்லாந்தில் கேலிக் கால்பந்து என்றொரு ஆட்டம் உண்டு. பந்தைக் காலாலும் உதைக்கலாம், கையாலும் எடுக்கலாம். அதனை நடத்தும் சங்கம் 1884-ல் தோன்றியது. பெரும்பாலும் ஒவ்வொரு திருச்சபை வட்டாரத்திற்கும் ஒரு கழகம். ஆடுவோர் சம்பளம் பெறாதவர். டப்ளின் நகரின் குரோக் பார்க் களத்தில் எண்பதினாயிரம் பேர் கூடும் இறுதியாட்டத்திலும் இரு கட்சி ஆதரவாளரும் கலந்தே அமர்கின்றனர். அங்கும் சிற்றூர் ஆட்டங்களில் இளைஞர் நடுவரை வைவதும் பெற்றோர் கத்துவதும் உண்டு. அதற்கென்றே ‘மதிப்புக் கொடு, மதிப்புப் பெறு’ என்னும் இயக்கத்தைச் சங்கம் நடத்துகின்றது. எல்லைக்கோட்டைக் காப்பவர் கூலிக் காவலர் அல்லர், அவ்வட்டாரத்தின் தொண்டரே. ‘மேயர்’ என்று அவர்க்குப் பெயர். ஐரிஷ் மொழியிற் காவலன் என்று பொருள். கூச்சலிடும் பையனின் தந்தையை அவர் அறிவார். பையனும் அதனை அறிவான்.

கல்கத்தாவில் அன்று இரு கட்சியாரும் கலந்திருந்தனர். டப்ளினிலும் கலந்தே இருக்கின்றனர். ஆகவே கலப்பதில் குற்றமுமில்லை, மருந்துமில்லை. பெயர் தெரியாதவரிடையே நிற்கின்றோமா, பெயர் தெரிந்தவரிடையே நிற்கின்றோமா என்பதே வேறுபாடு என்று எனக்குத் தோன்றுகின்றது.

இதனை யான் நூலிற் படிக்கும் முன்பே மணலிற் கண்டேன். ஒரு மாலை கோலின் பின்னிருந்து மூவர் மணலை வாரி இறைத்துக்கொண்டிருந்தனர். நடுவர் இருமுறை எச்சரித்தார், நகைத்தனர். ஆட்டத்தைக் காணவும் நில்லாது அவ்வழியே கூடையோடு சென்ற ஓர் அம்மையார் நின்று, “ஏண்டா, நீ செல்வி அக்கா பையன் தானே? உங்கம்மாவாண்ட சொல்லட்டா?” என்றார். மணல் கையிலிருந்தபடியே நின்றான் பையன். “இல்ல ஆயா, சும்மா தான்,” என்றான். மற்ற இருவரும் அவ்விடத்தில் இல்லை! ஊதலால் ஆகாதது ஒரு பெயரால் ஆயிற்று.

ஆகவே யான் கருதும் முறை பெரிதும் செலவில்லாதது. ஒவ்வொரு கட்சியும் ஆட்டத்திற்கு முன்பே தன் ஆதரவாளருள் இருவரைக் கரைக்காவலராகப் பெயர் கூறி நிறுத்துதல் வேண்டும். கையிற் பட்டை கட்டிய இவர்கள் ‘அண்ணா’ என்று அழைக்கப்படும் வயதினராய் இருத்தல் நன்று. தன் கட்சிப் பையனைத் தன் கட்சியானே அடக்குக; எதிர்க்கட்சியான் அடக்கப் புகுந்தால் அதுவே சண்டையாம். செப்டம்பரில் வேளாங்கண்ணி அன்னை திருவிழாவிற் பெருந்திரள் கூடும்போது அதே பெசன்ட் நகரில் இளைஞரே கயிறு பிடித்து வழி விடுகின்றனர். வேலை கொடுத்தவிடத்து அவர்கள் வேறு மனிதராகின்றனர்.

கோட்டிற்கு ஈரடி வெளியே கயிறு கட்டுக. கோலின் பின்புறம் எவரும் நிற்றலாகாது. மணலில் இதனால் விளையும் நன்மை சொல்லி முடியாது. இழிசொல் இரண்டு கயிற்றுக்கப்பால் நின்று சொல்லத் தக்கதன்று, செவியருகே சொல்லத் தக்கதே.

வெளியார் தலையீட்டால் ஆட்டத்தை நிறுத்தவும் கைவிடவும் நடுவர்க்கு உரிமை உண்டென்பது கால்பந்து விதிகளுள் ஐந்தாவது. நம் நடுவர்கள் இதனைப் பயன்படுத்துவதே இல்லை. பந்தைக் கையிலெடுத்துக்கொண்டு நடுவே நில்லுங்கள், ஒன்றும் பேசாதீர்கள். கட்சித் தலைவன் தன் ஆட்களிடம் சென்று பேசட்டும். ஆட்டம் நின்றதன் காரணம் தானே என்று நூறு கண்கள் ஒருவனை நோக்குவதைவிட வன்மையான தண்டனை அவ்வயதிற்கு இல்லை; ‘கெத்து’ என்று இளைஞர் கூறுவது அங்கே கரைகின்றது.

பணம் கட்டி ஆடும் ‘பெட் மேட்ச்’ ஒழிதல் வேண்டும். கோல் விழுந்ததா இல்லையா என்னும் ஐயத்தில் ஐந்நூறு ரூபாய் தொங்குமாயின் நக்கண்ணையார் கூறிய நல்லோரை அங்குத் தேட இயலாது. இதனை ஒழிக்க வழி யான் அறிந்தேனில்லை. பெரிய கட்சிகள் மறுத்தால் சிறியன பின்பற்றும் என்று நம்புகின்றேன். இருட்டுமுன் ஆட்டத்தை முடித்தலும் பயன் தரும்.

கல்லெறிதல், அடித்தல், பெண்டிரைத் தொல்லை செய்தல் ஆகியன குறும்பல்ல. அவை காவல் நிலையத்திற்கு உரியன. அங்கும் பதினெட்டு நிரம்பாதவனை 2015-ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டப்படியே நடத்துதல் வேண்டும். லாக்கப்பில் அடைக்கவோ சிறைக்கு அனுப்பவோ சட்டம் இடந்தரவில்லை. மற்றவற்றிற்குக் கட்சித் தலைவர்கள் கூடி மூன்று ஆட்டங்களுக்கு விலக்குக.

விலக்கிய பின் என்ன செய்வது என்பதையே எவரும் எண்ணுவதில்லை. நான்காம் ஆட்டத்தில் அவன் மீண்டும் வருவான். பழைய இடத்தில் பழைய தோழரோடு நிற்பான். அன்று அவனிடம் பந்து பொறுக்கும் வேலையைக் கொடுக்கலாம், கோட்டுக்கொடியையும் கொடுக்கலாம். முதல் நாளில் தோழர் கலாய்ப்பர். அதனைக் கரைக்காவலர் பார்த்துக்கொள்ளட்டும். கயிறும் பட்டைகளும் ஊதலும் சென்ற ஆட்டத்தில் தோற்ற கட்சியின் வீட்டில் இருக்கட்டும். அடுத்த ஞாயிறு அவர்கள் கட்டாயம் வருவார்கள்.