நாள் முழுக்க நின்னு கால் கடுக்குதா? சுவர் ஓரமா படுங்க!

சென்னை தி.நகர் ஜவுளிக்கடைகளில் வேலை பார்க்கும் பெண்களுக்கு கடை திறந்தால் சாத்தும் வரை நின்னே பிழைப்பு. வீட்டுக்கு வந்தால் அடுப்படியிலும் நிற்கணும்.

நடக்கும்போது கெண்டைக்கால் தசை பம்ப் மாதிரி ரத்தத்தை மேலே தள்ளும். ஒரே இடத்தில் நின்றால் அந்த பம்ப் ஓடாது. ரத்தம் கீழேயே தேங்கி பாதம் வீங்கும். நாளாக ஆக நரம்பு சுருட்டிக்கொள்ளும்.

இதற்கு யோகாவில் விபரீதகரணி என்று ஒன்று உண்டு. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். சுவரை ஒட்டி பாய் விரித்து மல்லாந்து படுத்து, இரண்டு காலையும் சுவரில் சாய்த்து மேலே நீட்டணும். மூச்சை அடக்கக்கூடாது. 5 முதல் 10 நிமிடம் போதும். வீக்கம் குறையும். ஆனால் ஏற்கனவே சுருண்ட நரம்பு இதனால் சரியாகி விடாது.

கட்டுக்கு அடங்காத ரத்தக்கொதிப்பு, கண் நீர் அழுத்த நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் செய்யக்கூடாது. ஒரு கால் மட்டும் திடீர்னு வீங்கி வலித்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்கு போயிடணும்.

நேரில் கற்க விரும்பினால் அரும்பாக்கம் அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு போகலாம். வீட்டில் அந்த 10 நிமிடம் பிள்ளையையும் குக்கரையும் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும்?

கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரணும் என்று கேரளாவில் 2018-லும், தமிழகத்தில் 2021-லும் சட்டம் திருத்தப்பட்டது. ஆள் வராத நேரத்தில் தாராளமாக உட்காரலாம். இருக்கையே போடாத கடை மீது தொழிலாளர் துறையிடம் புகார் கொடுக்கலாம்.