உலர்மின்கலம்

இருள் சூழ்ந்த வேளையில் கைவிளக்கின் பொத்தானை அழுத்தியவுடன் ஒளி பிறக்கின்றது. அவ்வொளியைத் தரும் மின்சாரம், குடத்துள் நீர்போல மின்கலத்துள் நிரப்பப்பட்டிருப்பதாகப் பலர் எண்ணுவர். அவ்வெண்ணம் தவறானது. கலத்துள் இருப்பவை சில வேதிப்பொருள்களே. அவை வினைபுரியும்பொழுதே மின்னோட்டம் தோன்றுகின்றது.

இவ்வுண்மை எளிதில் புலப்படவில்லை. இத்தாலி நாட்டு அறிஞர் கால்வானி, இருவேறு உலோகங்கள் தொட்டபொழுது இறந்த தவளையின் கால் துடிக்கக் கண்டார். மின்சாரம் தவளையின் உடலிலேயே உள்ளது எனக் கருதினார். அந்நாட்டவரான வோல்டா அதனை மறுத்தார். துத்தநாகத் தகடுகளையும் வெள்ளித் தகடுகளையும் மாறிமாறி அடுக்கி, இடையிடையே உப்புநீரில் நனைத்த அட்டைகளை வைத்தார். தவளையின்றியே மின்னோட்டம் பிறந்தது. இதனை அவர் 1800 ஆம் ஆண்டில் உலகிற்கு அறிவித்தார். அங்கு நிகழ்ந்த வேதிவினையின் பங்கினைப் பின்வந்த அறிஞர்கள் தெளிவாக்கினர்.

கைவிளக்கில் இடும் உலர்மின்கலமும் அவ்வடுக்கின் வழிவந்ததே. அதன் வெளிக்கூடு துத்தநாகத்தால் ஆனது, அதுவே எதிர்முனை. நடுவில் நிற்கும் கரித்தண்டு நேர்முனை. தண்டைச் சுற்றி மாங்கனீசு டை ஆக்சைடும் கரித்தூளும் கலந்த கலவை இருக்கின்றது. கலவைக்கும் கூட்டிற்கும் இடையே நவச்சாரம் போன்ற உப்புச் சேர்ந்த ஈரப்பசை உள்ளது. ஆகவே, உலர்மின்கலம் முற்றும் உலர்ந்ததன்று. சிந்தாத ஈரமுடையது என்பதே பொருந்தும்.

பொத்தானை அழுத்தியதும் மின்சுற்று முழுமையடைகின்றது. துத்தநாக அணுக்கள் எலெக்ட்ரான்களைக் கூட்டில் விட்டுவிட்டுப் பசையில் கரைகின்றன. அவ்வெலெக்ட்ரான்கள் விளக்கின் வழியே ஓடிக் கரித்தண்டை அடைகின்றன. அங்கே மாங்கனீசு டை ஆக்சைடு அவற்றை ஏற்றுக்கொள்கின்றது. இவ்வோட்டமே விளக்கை ஒளிரச் செய்கின்றது.

இவ்வகையில் பெரிய கலமாயினும் சிறிய கலமாயினும் மின்னழுத்தம் ஏறத்தாழ 1.5 வோல்ட்டே. அதனை உறுதிசெய்வது பொருள்களின் தன்மையேயன்றி அவற்றின் அளவன்று. பெரிய கலத்தில் பொருள் மிகுதியாதலின் அது நெடுநாள் உழைக்கும்.

ஒளி தருந்தோறும் துத்தநாகக் கூடு தேய்கின்றது. தேய்ந்த கூட்டில் துளை விழுந்தால் உட்பொருள் கசிந்து விளக்கை அரித்துவிடும். எனவே, ஓய்ந்த கலத்தை உடனே அகற்றுதல் வேண்டும். கலத்தை உடைத்தலும் நெருப்பில் இடுதலும் தீங்கு பயக்கும். உள்ளமைப்பை அறிய விரும்பும் மாணவர், எலுமிச்சம்பழத்தில் துத்தநாகம் பூசிய ஆணியையும் செம்புக்கம்பியையும் ஒன்றையொன்று தொடாதவாறு செருகி, வோல்ட்டுமானியுடன் இணைத்துப் பார்க்கலாம். முள் சிறிதே அசையும்; வோல்டா கண்ட உண்மை கண்முன்னே விளங்கும்.